முதியோர் இல்லங்களில் உறக்கச் சிக்கல்களும் குழப்ப நடத்தைகளும்

முதியோர் இல்லங்களில் உறக்கச் சிக்கல்களும் குழப்ப நடத்தைகளும் என்பது, இல்லங்களில் தங்கி வாழும் முதியோரிடம் காணப்படும் தூக்கமின்மை, பகல் உறக்கம், இரவில் எழுந்து நடமாடுதல், கூச்சலிடுதல், பராமரிப்பாளரை அடித்தல் அல்லது தள்ளுதல், உணவையும் குளியலையும் மறுத்தல் போன்றவற்றையும், அவற்றைக் கையாளும் முறைகளையும் குறிக்கும். முதுமை மருத்துவம், உளநல மருத்துவம், செவிலியம் ஆகிய துறைகள் இதனை ஆராய்கின்றன. இச்சிக்கல்களுள் பெரும்பாலானவற்றுக்குக் கண்டறியக்கூடிய காரணம் உண்டு என்பதும், காரணத்தைத் தேடாமல் உறக்க மாத்திரை கொடுப்பதும் கட்டிவைப்பதும் முதியவரின் உயிருக்கே கேடு விளைவிக்கலாம் என்பதும் இத்துறைகளில் இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்துகளாகும்.

தமிழ்நாட்டில் "நர்சிங் ஹோம்" என்னும் சொல் பொதுவாகச் சிறிய தனியார் மருத்துவமனையைக் குறிக்கிறது. மேலைநாடுகளில் அதே சொல் முதியோர் நீண்டகாலம் தங்கிச் செவிலியர் பராமரிப்பைப் பெறும் இல்லத்தைக் குறிக்கும். இக்கட்டுரை இரண்டாவது பொருளில் வரும் இல்லங்களையும், தமிழ்நாட்டிலுள்ள இலவச, கட்டண முதியோர் இல்லங்களையும் பற்றியது.

முதுமையில் உறக்கம்

மூளையின் அடிப்பகுதியில் உள்ள சிறு நரம்பணுத் தொகுதி ஒன்று உடலின் கடிகாரமாக இயங்குகிறது. இது ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் உறக்கம், உடல் வெப்பநிலை, இயக்குநீர்ச் சுரப்பு ஆகியவற்றை ஒழுங்குபடுத்துகிறது. கண் வழியாக வரும் பகல் வெளிச்சமே இக்கடிகாரத்தை நாள்தோறும் சரிசெய்யும் முதன்மைக் குறிப்பு ஆகும். இருள் சூழ்ந்தபின் மெலடோனின் என்னும் இயக்குநீர் சுரந்து உடலை உறக்கத்துக்கு ஆயத்தம் செய்கிறது.

முதுமையில் ஆழ்ந்த உறக்கம் குறைகிறது, இடைவிழிப்புகள் கூடுகின்றன, உறக்கம் வரும் நேரமும் விழிக்கும் நேரமும் முன்னதாகவே வருகின்றன. விழிவில்லை மஞ்சளாவதாலும் கண்புரையாலும் கண்ணுக்குள் செல்லும் வெளிச்சம் குறைகிறது. இவை இயல்பான மாற்றங்கள். எனவே அதிகாலை மூன்று அல்லது நான்கு மணிக்கு விழித்துக்கொள்ளும் முதியவர் நோயுற்றவர் என்று கொள்ள வேண்டியதில்லை. இரவு எட்டு மணிக்கு விளக்கணைத்துக் காலை ஆறு மணி வரை படுக்கையில் இருக்கவேண்டும் என்று இல்லம் விதிக்கும்போது, அவ்விதியே தூக்கமின்மை போன்ற தோற்றத்தை உண்டாக்கக்கூடும்.

காரணங்கள்

உடல்சார் காரணங்கள்

* வலி: மூட்டு வலி, பல் வலி, படுக்கைப் புண், பழைய எலும்பு முறிவு. பேச இயலாத நிலையில் உள்ளவர் வலியைக் கூச்சலாகவோ அடிப்பதாகவோ வெளிப்படுத்தலாம்.
* சிறுநீர்: இரவில் பலமுறை சிறுநீர் கழித்தல், புரோஸ்டேட் சுரப்பி வீக்கம், சிறுநீர்த் தொற்று. சிறுநீர் பெருக்கும் மருந்தை மாலையில் கொடுப்பதும் ஒரு காரணம்.
* மலச்சிக்கல், பசி, தாகம், உடல் நீரிழப்பு.
* இரத்தச் சர்க்கரைத் தாழ்வு: நீரிழிவு மருந்து எடுப்பவர் மாலை ஆறு மணிக்கு உண்டபின் மறுநாள் காலை வரை பட்டினி கிடந்தால், நள்ளிரவில் வியர்வையும் நடுக்கமும் குழப்பமும் தோன்றலாம். இது உடனடியாகக் கவனிக்க வேண்டிய நிலை.
* உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல், இரும்புச்சத்துக் குறைவால் கூடும் கால் அமைதியின்மை, இதயச் செயலிழப்பால் படுத்தவுடன் ஏற்படும் மூச்சுத்திணறல்.
* பார்வைக் குறைவும் செவித்திறன் குறைவும்: அரையிருளில் தொங்கும் துணியை அயலார் என்று எண்ணி அஞ்சுதல் போன்றவை இதனால் நேர்கின்றன.

பழக்கங்களும் மருந்துகளும்

நாள்தோறும் மது அருந்தி வந்தவர் இல்லத்தில் சேர்ந்து திடீரென நிறுத்தும்போது, பெரும்பாலும் முதல் சில நாள்களுக்குள் நடுக்கம், தூக்கமின்மை, இல்லாதவற்றைக் காணுதல், வலிப்பு ஆகியன தோன்றலாம். இது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய அவசர நிலை. வெற்றிலையுடன் புகையிலை மென்று வந்தவரிடமும் அது கிடைக்காதபோது எரிச்சலும் தூக்கமின்மையும் ஏற்படும். பல ஆண்டுகளாக உறக்க மாத்திரை உட்கொண்டவர் அதனைத் திடீரென நிறுத்தினாலும் இதுபோன்ற விளைவுகள் தோன்றும். எனவே சேர்க்கையின்போதே இப்பழக்கங்களைக் கேட்டுப் பதிவுசெய்வது இன்றியமையாதது. குடும்பத்தார் கூச்சத்தால் மறைக்கும் செய்திகளும் இவையே.

மறதிநோய்

ஆல்சைமர் நோய் முதலிய மறதிநோய்களில் உடற்கடிகாரத்தைச் சார்ந்த மூளைப் பகுதிகளும் சிதைவுறுகின்றன. பிற்பகலிலும் மாலையிலும் பதற்றமும் குழப்பமும் கூடும் நிலை அந்திக் குழப்பம் எனப்படுகிறது. "வீட்டுக்குப் போகவேண்டும்" என்று வாயிலை நோக்கி நடப்பது இதன் பொதுவான வடிவங்களுள் ஒன்று. இந்தியாவில் நடத்தப்பட்ட தேசிய அளவிலான ஆய்வு ஒன்றின் 2023 ஆம் ஆண்டு வெளியீடு, 60 வயதுக்கு மேற்பட்டோருள் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது.

இல்லத்தின் நடைமுறை

பகல் முழுவதும் கட்டிலில் அல்லது நாற்காலியில் செயலின்றி இருத்தல், வெளி வெளிச்சம் படாமை, இரவில் எரியும் குழல்விளக்கு, பணியாளரின் பேச்சொலி, உறங்குபவரை எழுப்பி டயபர் மாற்றுதல் ஆகியன உறக்கத்தைக் குலைக்கின்றன. பொதுக்கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள் உள்ள இல்லங்களில் ஒருவரின் கூச்சல் மற்ற அனைவரையும் எழுப்பிவிடுகிறது. இதனால் பிறருடைய உறக்கத்துக்காக ஒருவருக்கு மயக்க மருந்து கொடுக்கப்படும் நிலையும் உண்டாகிறது.

திடீர் மனக்குழப்பத்தைப் பிரித்தறிதல்

டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் மறதிநோயிலிருந்து வேறானது. மறதிநோய் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் வளர்வது. திடீர் மனக்குழப்பம் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ தோன்றுவது. ஒரே நாளில் கூடியும் குறைந்தும் வருவதும், கவனம் நிலைக்காமல் போவதும் இதன் அடையாளங்கள். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்றிரவு கூச்சலிட்டால், அதனை முதுமையின் இயல்பு என்று விட்டுவிடாமல் காய்ச்சல், தொற்று, நீரிழப்பு, சோடியக் குறைவு, சிறுநீர் அடைப்பு, தலையில் அடி, புதிய மருந்து ஆகியவற்றை மருத்துவர் ஆராய வேண்டும். கூச்சலின்றி மந்தமாகக் கிடக்கும் வகையும் உண்டு. தொல்லை தராததால் அது கவனிக்கப்படாமல் போவது வழக்கம்.

ஆய்வுகள்

1980களில் கலிபோர்னியாவில் மணிக்கட்டில் கட்டும் அசைவுமானியைக் கொண்டு நடந்த ஆய்வுகள், இல்லவாசிகளுள் பலருக்கு 24 மணி நேரத்தில் முழுமையாக உறங்கிய ஒரு மணி நேரமோ, முழுமையாக விழித்திருந்த ஒரு மணி நேரமோ இல்லை என்று காட்டின. இரவு உறக்கம் துண்டுபட்டுப் பகலெங்கும் சிதறியிருந்தது. அதே காலப்பகுதியில் யிஸ்கா கோகன்-மான்ஸ்பீல்ட் குழப்ப நடத்தைகளை 29 வகைகளாகப் பிரித்து, அவை எவ்வளவு அடிக்கடி நிகழ்கின்றன என்று மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். அது இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

2005 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நான்கு இல்லங்களைச் சேர்ந்த 118 பேர் பங்குகொண்டனர். பகலில் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைத்தல், நாள்தோறும் அரை மணி நேரமேனும் வெயிலில் இருத்தல், உடற்பயிற்சி, ஒழுங்கான படுக்கை நேரம், இரவில் ஒலியையும் ஒளியையும் குறைத்தல் ஆகியவை ஒருங்கே செய்யப்பட்டன. பகல் உறக்கம் தெளிவாகக் குறைந்தது, பிறருடன் பழகுதல் கூடியது. ஆனால் இரவு உறக்கத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் சிறிதே.

2008 இல் நெதர்லாந்தின் 12 இல்லங்களில் 189 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வில், பகல் முழுவதும் ஏறத்தாழ 1000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்குகள் பொதுக்கூடங்களில் பொருத்தப்பட்டன. அறிவாற்றல் வீழ்ச்சியும் சோர்வும் ஓரளவு தணிந்தன. மெலடோனினை மட்டும் பெற்றோரிடம் மனநிலை தாழ்ந்தது.

2011 இல் நார்வேயின் 18 இல்லங்களில், மறதிநோயும் பதற்ற நடத்தையும் உடைய 352 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு வலிக்கான சிகிச்சை, பெரும்பாலும் பாராசிட்டமாலில் தொடங்கிப் படிப்படியாகக் கொடுக்கப்பட்டது. எட்டு வாரங்களில் அவர்களிடம் பதற்ற நடத்தை 17 விழுக்காடு குறைந்தது. குழப்பம் என்று கருதப்பட்டவற்றுள் ஒரு பகுதி கவனிக்கப்படாத வலியே என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

மேலாண்மை

பதிவேடு

முதற்படி பதிவுசெய்தல் ஆகும். "இரவெல்லாம் தூங்கவில்லை" என்னும் பொதுக் கூற்றினால் பயனில்லை. ஒவ்வொரு நிகழ்வுக்கும் மூன்று குறிப்புகள் எழுதப்படுகின்றன: அதற்கு முன் என்ன நடந்தது, முதியவர் என்ன செய்தார், பின்னர் என்ன நடந்தது. ஒரு சாதாரணக் குறிப்பேட்டில் ஏழு நாள்கள் எழுதினாலே ஒழுங்கமைவு புலப்படத் தொடங்கும். எடுத்துக்காட்டாக, ஒருவர் நாள்தோறும் குளியலின்போது மட்டும் அடிக்கிறார் என்று தெரிந்தால், தண்ணீரின் குளிர்ச்சி, ஆடை களைவதில் உள்ள கூச்சம், தோள்மூட்டு வலி ஆகியவற்றை ஆராயலாம்.

பகல்

உறக்கத்தைச் சரிசெய்யும் பணி காலையில் தொடங்குகிறது. வீட்டினுள் எரியும் விளக்குகள் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் வெளிச்சமே தருகின்றன. திறந்தவெளியில் மரநிழலில் கூட ஆயிரக்கணக்கான லக்ஸ் கிடைக்கும். செலவின்றிக் கிடைக்கும் இவ்வெளிச்சத்தில் காலை ஏழு முதல் ஒன்பது மணிக்குள் அரை மணி நேரம் அமரச்செய்தல் எளிய வழி. நடக்க இயலாதவரைச் சக்கர நாற்காலியில் திண்ணைக்குக் கொண்டுவரலாம். நண்பகல் உறக்கத்தை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்துவதும், கீரை ஆய்தல், பூத்தொடுத்தல், கடலை உரித்தல் போன்ற பழகிய வேலைகளில் ஈடுபடுத்துவதும் உதவும்.

மாலையும் இரவும்

* பிற்பகல் மூன்று மணிக்குமேல் காப்பி, தேநீர் தவிர்த்தல். தண்ணீரைப் பகலில் போதுமான அளவு கொடுத்து, படுக்கும் முன் குறைத்தல்.
* இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடையே நீண்ட இடைவெளி இருப்பின் படுக்கும் முன் சிறிது பால் அல்லது கஞ்சி.
* அந்தி சாயும் முன்பே விளக்கேற்றி நிழல்களைக் குறைத்தல். மாலை வேளையில் ஒலிக்கும் தொலைக்காட்சியைத் தணித்தல்.
* இரவில் கூடத்து விளக்கை அணைத்து, கழிப்பறைக்குச் செல்லும் வழியில் மட்டும் மங்கலான விளக்கு.
* உறங்குபவரை எழுப்பாமல், அவர் விழித்திருக்கும் வேளையில் டயபர் மாற்றுதல். படுக்கைப் புண் அபாயம் உள்ளவருக்குத் திருப்பிப் படுக்கவைக்கும் பணியையும் இதனோடு சேர்த்துச் செய்தல்.
* விழித்துக்கொண்டவரை வற்புறுத்திப் படுக்கவைக்காமல், மற்றவருக்கு இடையூறின்றி அமரத்தக்க இடம் ஒன்றை ஒதுக்குதல்.

நடத்தைக்கு மறுமொழி

வாக்குவாதம் பயனற்றது. வீட்டுக்குப் போகவேண்டும் என்பவரிடம் "இதுதான் உங்கள் வீடு" என்று மறுப்பதைவிட, அவ்வீட்டைப் பற்றிக் கேட்டுப் பேசியபடி சிறிது தூரம் உடன் நடப்பது பதற்றத்தைத் தணிக்கும். முன்புறமாக வந்து, கண்மட்டத்தில் நின்று, ஒரு நேரத்தில் ஒரு செய்தியை மட்டும் சொல்லவேண்டும். பலர் சூழ்ந்து நிற்பதைத் தவிர்க்க வேண்டும். நடமாடுதல் தானே தீங்கன்று. வாயில் பாதுகாப்பாக இருந்தால் முற்றத்தைச் சுற்றி நடக்க விடலாம்.

சேலம், நாமக்கல் சமவெளியில்

1997 ஆம் ஆண்டு சனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் மாவட்டம் பிரிக்கப்பட்டது. இச்சமவெளியின் தொழில்களும் தட்பவெப்பமும் முதியோரின் உறக்கப் பழக்கங்களோடு தொடர்புடையன. திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும், நாமக்கல், சங்ககிரிப் பகுதிகளின் லாரிகளும் மக்களை நெடுநாள் வெளிமாநிலங்களில் இருக்கச் செய்கின்றன. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் விசைத்தறிகள் இரவிலும் இயங்குகின்றன.

இரவுப்பணியில் வாழ்நாளைக் கழித்த லாரி ஓட்டுநரோ தறித் தொழிலாளியோ மறதிநோய்க்கு ஆட்படும்போது, இரவில் எழுந்து வேலைக்குப் புறப்படுவது பழைய பழக்கத்தின் மீட்சியாக இருக்கலாம். விடியுமுன் மாட்டுத்தொழுவத்துக்குச் சென்று பழகிய பெண்மணி நான்கு மணிக்கு எழுவதும் அவ்வாறே. ஆகவே சேர்க்கைப் படிவத்தில் நோய்களுடன் தொழில், எழும் நேரம், படுத்துறங்கிய இடம் ஆகியவற்றையும் கேட்டறிவது பயன்தரும். வாசலில் கயிற்றுக் கட்டிலில் காற்றோட்டமாக உறங்கியவருக்கு மூடிய கான்கிரீட் அறை ஒவ்வாமல் போகலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் இங்குப் பகல் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். பகலில் சூடேறிய கூரை இரவிலும் வெப்பத்தை வெளியிடுகிறது. முதியோருக்குத் தாக உணர்வு குறைவு என்பதால் நீரிழப்பும் அதனால் குழப்பமும் எளிதில் உண்டாகின்றன. கேட்கும்வரை காத்திராமல் மோர், நீராகாரம் ஆகியவற்றைக் குறித்த நேரங்களில் கொடுப்பது, கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு, கொசுவலை, மின்தடையின்போதும் மின்விசிறி இயங்க மாற்று ஏற்பாடு ஆகியன இப்பருவத்துக்குரிய நடவடிக்கைகள். இதய அல்லது சிறுநீரக நோயுள்ளவருக்கு நீர், உப்பு அளவை மருத்துவர் வரையறுக்க வேண்டும்.

கொங்கு வட்டாரத்தில் அப்பாரு, அப்புச்சி, ஆத்தா, அம்மாயி போன்ற உறவுமுறைச் சொற்கள் வழங்குகின்றன. முதியவர் தம் வீட்டில் எவ்வாறு அழைக்கப்பட்டாரோ அவ்வாறே அழைப்பது, குறிப்பாக மறதிநோய் உடையவரை நிலைப்படுத்த உதவக்கூடும்.

மருந்துகள்

அல்பிரசோலம், டயசிபாம் போன்ற மருந்துகளும் சோல்பிடெமும் முதியோரிடம் தள்ளாட்டம், விழுதல், இடுப்பெலும்பு முறிவு, குழப்பம் ஆகியவற்றைக் கூட்டுகின்றன. 1991 இல் மருத்துவர் மார்க் பியர்சு இல்லவாசிகளுக்கு ஒவ்வாத மருந்துகளின் பட்டியலை வெளியிட்டார். அவ்வப்போது திருத்தப்படும் அப்பட்டியல் இவற்றை முதியோருக்குத் தவிர்க்குமாறு கூறுகிறது. ஒவ்வாமைக்கும் சளிக்கும் தரப்படும் குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகளை உறக்கத்துக்காகக் கொடுப்பதும் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கலாம். இந்தியாவில் அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் ஆகியன 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணையில் அடங்கும். மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது. விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்கவும் வேண்டும்.

மனநோய் எதிர்ப்பு மருந்துகளைப் பொறுத்தவரை, அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2005 இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 17 சோதனைகளின் தொகுப்பில், ஏறத்தாழ பத்து வாரக் காலத்தில் இம்மருந்துகளைப் பெற்ற மறதிநோயாளருள் 4.5 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை பெற்றோருள் 2.6 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். 2008 இல் இவ்வெச்சரிக்கை இவ்வகையின் பழைய மருந்துகளுக்கும் விரிவாக்கப்பட்டது. தமக்கோ பிறருக்கோ கடுந்தீங்கு நேரும் நிலையில், பிற வழிகள் பயன்தராதபோது, குறைந்த அளவில் குறுகிய காலத்துக்கு மட்டும் மருத்துவர் இவற்றைப் பரிந்துரைக்கலாம். ஏற்கெனவே உட்கொண்டு வருபவருக்குத் திடீரென நிறுத்தாமல், மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பாலில் ஜாதிக்காய்ப் பொடி கலந்து கொடுப்பது தமிழர் வீடுகளில் வழங்கும் கைமருத்துவம். சமையலில் சேரும் அளவைத் தாண்டி மிகுதியாகக் கொடுத்தால் ஜாதிக்காய் நஞ்சாகி, இல்லாதவற்றைக் காணுதலையும் குழப்பத்தையும் விளைவிக்கும்.

கட்டிவைத்தல்

முதியவரைக் கட்டிலோடு அல்லது நாற்காலியோடு கட்டிவைப்பது விழுதலைத் தடுக்கும் என்று கருதப்பட்டு வந்தது. கட்டிவைத்தலால் தசை நலிவு, படுக்கைப் புண், மூச்சுத்திணறல், பதற்றம் ஆகியன கூடுகின்றன என்று பின்னர் அறியப்பட்டது. அமெரிக்காவில் 1987 ஆம் ஆண்டின் இல்லச் சீர்திருத்தச் சட்டம், பணியாளர் வசதிக்காகவோ தண்டனையாகவோ கட்டிவைப்பதையும் மருந்தால் மயக்கிவைப்பதையும் தடைசெய்தது.

தமிழ்நாட்டில் இதன் கொடிய விளைவைக் காட்டிய நிகழ்வு முதியோர் இல்லத்தில் அன்றி, மனநலக் காப்பகம் ஒன்றில் நேர்ந்தது. 2001 ஆகத்து 6 அன்று அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்களால் தப்ப முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் இதனைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சேர்த்துப் பராமரிக்கும் நிலையங்களுக்குப் பொருந்தும். அதன் 97 ஆவது பிரிவின்படி தனியறையில் அடைத்துவைத்தல் கூடாது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், உளநல மருத்துவரின் ஒப்புதலுடன், தேவையான நேரத்துக்கு மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகவோ பணியாளர் பற்றாக்குறை என்னும் காரணத்துக்காகவோ அவ்வாறு செய்தல் கூடாது. நினைவாற்றலையும் தன்னிலை உணர்வையும் பெரிதும் பாதிக்கும் கோளாறுகள் இச்சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் வருகின்றன.

தமிழ்நாட்டில் சட்டமும் சேவைகளும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தோர். இந்திய அளவு 8.6 விழுக்காடு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007 இல் இயற்றப்பட்டது. அதன் 19 ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றேனும், குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசு படிப்படியாக அமைக்கலாம் என்று கூறுகிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978 இல் முதியோர் மருத்துவப் பிரிவு மருத்துவர் வி. எஸ். நடராசனால் தொடங்கப்பட்டது. அக்கல்லூரி 1996 இல் இந்தியாவிலேயே முதலாவதாக இத்துறையில் முதுநிலைப் பட்டப்படிப்பை ஏற்படுத்தியது. சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 1984 இல் மருத்துவர் சாரதா மேனனால் நிறுவப்பட்ட சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை மறதிநோய்ப் பராமரிப்பிலும் ஈடுபட்டுள்ளது. 1992 இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட இந்திய ஆல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகள் சங்கம் குடும்பத்தாருக்கும் பராமரிப்பாளருக்கும் பயிற்சி அளித்து வருகிறது.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல்லில் 2022 சனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இச்சமவெளி இல்லங்களுக்கு அண்மையிலுள்ள பெரிய அரசு மருத்துவ நிலையங்கள். புறக்கணிப்பு, துன்புறுத்தல் தொடர்பாக முதியோரும் அவர்களுக்காகப் பிறரும் 14567 என்னும் கட்டணமில்லா உதவி எண்ணில் முறையிடலாம்.

இவற்றையும் பார்க்க

* முதுமை
* ஆல்சைமர் நோய்
* தூக்கமின்மை
* உடற்கடிகாரம்
* முதியோர் இல்லம்
* ஏர்வாடி தீ விபத்து